ஹாப்ஸுக்குப் பதில் மரிக்கொழுந்து

என் மனைவியின் தம்பிக்கு வாசனை போனது இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதம். காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, வாசனை மட்டும் திரும்பவில்லை. அந்த ஆண்டு எத்தனையோ பேருக்கு அப்படி ஆயிற்று; பெரும்பாலானவர்களுக்கு அது கொஞ்ச நாள் தொந்தரவு. அவனுக்கு அதுதான் பிழைப்பு. பெங்களூரில், சொந்தமாகப் பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக்கொடுக்கும் ஒரு விடுதியில் காய்ச்சுகிற வேலை. தொட்டியின் மூடியைத் திறந்ததும் எழும் வாசனையை வைத்துத்தான் உள்ளே இருப்பது சரியாகப் புளித்ததா, கெட்டதா, இன்னும் விடலாமா என்று முடிவு செய்வானாம். மூக்கு இல்லாமல் சில மாதம் தட்டுத்தடுமாறிப் பார்த்திருக்கிறான். ஒரு தொட்டி முழுக்கக் கெட்டுப்போனதை வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டான் என்பதைப் பின்னாளில் சொன்னான். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குத் திண்டுக்கல் வந்தவன் திரும்பிப் போகவில்லை. எங்கள் மாடி அறையில் தங்கிக்கொண்டான்.

தேதிகளை நினைவில் வைத்துக்கொள்வது என் பழக்கம். கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அது ஒட்டிக்கொண்டுவிட்டது. 2022 சாம்பல் புதன் அன்று நடந்ததும் அதனால்தான் நாளோடு நினைவிருக்கிறது. நானும் மனைவியும் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்குள் நுழைந்தபோது வாசலிலேயே கேஸ் நாற்றம் அடித்தது. அடுப்பைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் வடிந்தது. என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. மனைவி ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அவன் முதுகில் இரண்டு அடி வைத்துவிட்டு, பிறகு அழுதாள். அன்றிலிருந்து வெளியே கிளம்பும்போதெல்லாம் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் போவாள்.

நரம்பு மெல்லத்தான் வளரும் என்றார் மருத்துவர். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, தைலம் நான்கையும் காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார். அவன் ஒருநாள் தவறாமல் செய்தான். ஏதாவது தெரிந்ததா என்று நாங்கள் கேட்பதை அவன் விரும்பவில்லை என்பதால் கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டோம்.

ஆடி பிறந்த சமயம் பெங்களூர் முதலாளியிடமிருந்து அழைப்பு வந்தது. அவன் இடத்தில் தற்காலிகமாக இருந்தவர் வேறு ஊருக்குப் போகிறாராம். மூக்கு சரியாகிவிட்டதென்றால் பழைய வேலை அவனுக்குத்தான். புரட்டாசிக்குள் சொல்ல வேண்டும். அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அவனே பேச்சை எடுத்தான்.

"மூக்கு வந்துருச்சு மச்சான்."

"முழுசாவா?"

"முக்காவாசி."

"வாசன என்ன படியில அளந்தா வருது, முக்காவாசிங்குறதுக்கு?" என்றாள் அவன் அக்கா, சோற்றைப் போட்டுக்கொண்டே.

"அதான் ஒரு பீர் காச்சிப் பாக்கலாம்னு இருக்கேன்க்கா. நல்லா வாசனயா ஒண்ணு. அதுல தெரிஞ்சிரும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இந்த வீட்லயா? அப்பன் குடிச்சு அழிச்சது பத்தாதுன்னு மகன் காச்சி வேற அழிக்கப் போறியாக்கும்."

"நான் குடிக்கிறவனாக்கா? ருசி பாத்துட்டுத் துப்புறவன்."

"ஆமா, துப்புறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சம்பளம்."

சொன்னாளே தவிர, எழுந்து போகவில்லை. அவர்கள் அப்பா சாராயத்தில் போனவர். அந்த வீட்டுப் பிள்ளை பீர் காய்ச்சும் வேலைக்குப் போனதையே அவள் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. 'ஃபுட் கம்பெனி' என்றுதான் சொல்வாள். ஆனால் மாடி அறையில் காலையும் மாலையும் கிராம்பை முகர்ந்துகொண்டு முடங்கிக் கிடக்கும் தம்பியைப் பார்ப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். கடைசியில், ஒரு தண்ணீர்க் கேன் அளவு, ஒரே ஒரு தடவை, வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லி ஒப்புக்கொண்டாள். எங்கள் மாநிலத்தில் வீட்டில் இதையெல்லாம் செய்ய அனுமதி கிடையாது. வாழ்நாள் முழுக்க ஒரு வவுச்சரில்கூடத் தவறு செய்யாதவன் நான். இருந்தும் வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.

அவன் காய்ச்ச நினைத்தது இந்தியா பேல் ஏல் என்ற வகை. அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வரும் பீர் வழியில் கெடாமல் இருக்க ஹாப்ஸை அள்ளிப் போட்டதால் பிறந்த வகை என்று சொல்வார்கள். அந்தக் கதை அவ்வளவு நேரானதல்ல என்றும் ஒரு புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. கசப்பும் அதுதான், வாசனையும் அதுதான். எலுமிச்சைத் தோல், கனிந்த பழம், பச்சைப் பிசின் எல்லாம் கலந்த ஒரு வாசனை என்று அவன் விளக்குவான். பெயரில் இந்தியா இருக்கிறதே தவிர, அந்தப் பூவை எங்கள் ஊரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. இணையத்தில் விற்கும் ஒருவரிடம் கேட்டதற்கு, தமிழ்நாட்டு முகவரிக்கு அனுப்புவதில்லை என்று பதில் வந்தது. பெங்களூரின் பழைய கூட்டாளிகளிடம் கேட்க அவனுக்கு மனமில்லை. கேட்டால் எதற்கென்று தெரிந்துவிடும், முதலாளி காதுக்குப் போய்விடும்.

"இருக்கிறத வச்சுத்தான் மச்சான் செய்யணும்," என்றான். நெடுநாளைக்குப் பிறகு அவன் குரலில் ஒரு வேகம் தெரிந்தது.

பார்லிக்குப் பதில் கேழ்வரகு. நாட்டு மருந்துக் கடை பார்லி தோல் நீக்கியது, முளைக்காது. கேழ்வரகை முளைகட்டுவது எந்த வீட்டிலும் தெரிந்த வேலை. மனைவியே ஊறவைத்து, துணியில் கட்டி, முளைவிட்டதும் மொட்டைமாடியில் உலர்த்திக் கொடுத்தாள். அதோடு கொஞ்சம் சோளத்தையும் முளைகட்டிச் சேர்த்தான். இரண்டையும் நொறுங்கலாக அரைத்து, வெந்நீரில் கரைத்து, சூடு இறங்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டுமாம். அப்போதுதான் மாவு இனிப்பாக மாறும். அதற்குத் தெரிந்த பிரியாணிக் கடையிலிருந்து பெரிய ஹாட்பாக்ஸ் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். எத்தனை கழுவியும் அதில் சீரகச் சம்பா வாசம் போகவில்லை. அவன் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "சுத்தமாயிருச்சு" என்றான். நான் இன்னொரு முறை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன்.

கசப்புக்கு முதலில் நிலவேம்பு. ஒரு சொம்பு அளவில் காய்ச்சிப் பார்த்ததில் டெங்கு காலத்துக் கஷாயம் அப்படியே வந்தது. மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்கு எதுக்குடா பெங்களூரு வரைக்கும் போய்ப் படிச்ச, கவர்மென்டு ஆசுபத்திரியில சும்மா ஊத்துவாகளே" என்றாள். அடுத்தது வேப்பம்பூ. சித்திரையில் உலர்த்தி ரசத்துக்கு வைத்திருந்தது. அந்தக் கசப்பு நாக்கில் நின்று, பிறகு மெல்ல விலகியது. அதையே வைத்துக்கொண்டான். ருசியில் அவனுக்குக் குறையில்லை. கசப்பு, இனிப்பு, புளிப்பு நாக்குக்குத் தெரிந்தது. மூக்கு வேறு, நாக்கு வேறு என்பதை நான் அந்த ஆடியில்தான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

வாசனைக்கான தேடல் நீண்டது. எதைக் கையில் எடுத்தாலும் முதலில் அவன் கண்ணை மூடி முகர்வான். பிறகு என்னிடம் நீட்டுவான்.

"உங்க மூக்கையும் பழக்கணும் மச்சான். சொல்லுங்க, என்ன தோணுது?"

நாரத்தை இலையைக் கசக்கி முகர்ந்து, "எலுமிச்ச மாதிரி, ஆனா கொஞ்சம் காரமா" என்பேன். "அதான், அதான்" என்று தலையசைப்பான். ஆயக்குடிக் கொய்யாவைப் பிளந்து நீட்டியபோது, "பழுத்தது, கொஞ்சம் பூ மாதிரி" என்றேன். "அதான்." நான் சொன்னதையெல்லாம் அவன் ஒப்புக்கொண்டான். என் மூக்கு இவ்வளவு நுட்பமானதா என்று எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எலுமிச்சைக்கு நாரத்தை இலை, கனிக்குக் கொய்யா. பச்சைப் பிசினும் மூலிகையும் கலந்த அந்தக் கடைசி வாசனைக்குத்தான் எதுவும் அமையவில்லை. பூ மார்க்கெட்டில் ஒரு காலை நாங்கள் நடந்துகொண்டிருந்தபோது அவனே நின்று, ஒரு கட்டு மரிக்கொழுந்தை எடுத்தான். எங்கள் பக்கம் கதம்பத்தில் மல்லிக்கும் சம்பங்கிக்கும் நடுவே வைத்துக் கட்டுகிற, சாம்பல் பச்சை நிறத் தழை. ஒரு கொத்து இருந்தால் போதும், அறை முழுக்கத் தூக்கும். பேருந்தில் யார் தலையிலாவது இருந்தால் ஏறும்போதே தெரிந்துவிடும்.

"மருந்துக்கா, சாமிக்கா?" என்று கேட்டார் விற்ற அம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன், "ரெண்டுக்கும்தாங்கம்மா" என்றான்.

அதே வாரத்தில் நடந்த ஒன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நாங்கள் இருவரும் டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். தோல் பதனிடும் இடங்களை இங்கே தோல் ஷாப் என்போம். அந்தச் சாலையில் பஸ் நுழைந்ததும் எல்லோர் கையும் தானாக மேலே போகும். கைக்குட்டை, முந்தானை, எதுவும் இல்லாதவர்களுக்கு உள்ளங்கை. அன்று நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவனும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். பொங்கல் சமயத்தில் இதே வழியில் வந்தபோது அவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவு வந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

காய்ச்சிய நாளில் தெருவெல்லாம் மணத்தது. கேழ்வரகுச் சாற்றை இட்லித் துணியில் வடிகட்டி, பெரிய அண்டாவில் வேப்பம்பூவோடு கொதிக்கவிட்டிருந்தோம். நிறத்துக்கும் பலத்துக்கும் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை. எதிர்வீட்டு அம்மா படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, கேப்பக் கூழா? தெருமுக்கு வரைக்கும் மணக்குது. வேதக்காரக வீட்லயும் மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துறீகளா?"

"மாதாவும் மாரியாத்தாளும் அக்கா தங்கச்சிதான், போங்க," என்றாள் மனைவி அசராமல்.

"அப்ப எனக்கும் ஒரு சொம்பு எடுத்து வைங்க."

"இது கசப்புக் கூழு. ஒங்களுக்கு ஆகாது."

அவர் போன பிறகு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கள்ளச்சாராயத்துக்குப் போடும் 'ஊறல்' என்ற சொல்லை எந்த நேரமும் யாராவது உச்சரித்துவிடுவார்கள் என்று காத்திருந்தவன்போல அன்று முழுவதும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறவைத்த சாற்றைத் தண்ணீர்க் கேனில் ஊற்றினான். பீருக்கான ஈஸ்ட்டுக்குப் பதில் பேக்கரி ஈஸ்ட். கேனின் வாயிலிருந்து ஒரு குழாயை எடுத்துத் தண்ணீர் டம்ளருக்குள் விட்டான். ஈரச் சாக்கைச் சுற்றி மாடிப்படிக்கு அடியில் வைத்தோம். நம் ஊர் வெயிலுக்கு அதற்குமேல் குளிர்ச்சி கொடுக்க வழியில்லை. அடுத்த நாளே டம்ளரில் குமிழி வர ஆரம்பித்துவிட்டது. கேனின் மேல் தேதியெழுதி ஒட்டியது நான். நுரை அடங்கிய பிறகு கொய்யாக் கூழைச் சேர்த்தான். நாரத்தை இலையும் மரிக்கொழுந்தும் கடைசியில்தான் போக வேண்டும், முன்னாலேயே போட்டால் வாசனை பறந்துவிடும் என்று அவற்றை ஃப்ரிஜ்ஜில் வைத்திருந்தான்.

ஆகஸ்ட் இருபத்தொன்பது. எங்களைப் போன்ற வீடுகளில் இந்தத் தேதியை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மாதா திருநாளுக்குக் கொடியேற்றம்; அதிலிருந்து பத்து நாள் திருவிழா. அன்று அவன் ஒரு நண்பனின் கல்யாணத்துக்குத் தொப்பம்பட்டி போயிருந்தான். மதியம் அங்கிருந்து கூப்பிட்டான்.

"மச்சான், சாயங்காலம் அந்த எலையையும் மரிக்கொழுந்தையும் துணியில கட்டிக் கேனுக்குள்ள எறக்கிருங்க. இன்னைக்கு விட்டா லேட்டாயிரும். துணிய வெந்நியில போட்டு எடுத்துருங்க, மறந்துராதீங்க."

மாலையில் ஃப்ரிஜ்ஜைத் திறந்தேன். நாரத்தை இலை இருந்தது. மரிக்கொழுந்து இல்லை. மனைவி கோவிலிலிருந்து வந்ததும் கேட்டேன்.

"எத, அந்த மரிக்கொழுந்தையா? மாதாவுக்குப் போட்டாச்சே."

"அது பீருக்கு வாங்குனது."

"பீருக்கா? நீங்க என்னமோ எலையப் போடுறதாத்தான சொன்னீக." அவள் குரல் உயர்ந்தது. "கொடியேத்தத்தன்னைக்கு வீட்ல மரிக்கொழுந்து இருந்தா அது யாருக்குங்க இருக்கும்? மல்லிகப்பூவுக்குப் பக்கத்துல பொட்டலமா இருந்துச்சு. எடுத்து மாலையோட வச்சுக் கட்டுனேன். இப்ப என்ன, மாதா கழுத்துல கெடக்குறதப் போய்க் கேட்டு வாங்கிட்டு வரவா?"

அவள் சொன்னதில் தவறு இல்லை. அந்தப் பத்து நாளில் எங்கள் தெருவில் எந்த வீட்டு ஃப்ரிஜ்ஜில் எந்தப் பூ இருந்தாலும், வாசனையாக எந்தத் தழை இருந்தாலும், அது மாதாவுடையது. கேட்டுவிட்டு எடுக்கும் வழக்கம் யாருக்கும் கிடையாது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூ மார்க்கெட்டுக்கு ஓடினேன். முகூர்த்த நாள் வேறு. தழை விற்கும் இடத்தில் ஈரச் சாக்குகள் மட்டும் கிடந்தன. "இந்நேரத்துக்கு வந்து கேக்குறீகளே, அது விடியயிலேயே போயிருச்சு" என்றார்கள். அவனுக்குப் போன் போட்டேன். கல்யாண வீட்டு மேளச் சத்தத்தில் எடுக்கவில்லை போலும். நாரத்தை இலையை மட்டும் துணியில் கட்டி இறக்கினேன்.

மறுநாள் அவன் வந்தான். பெரிய தாம்பூலப் பையும் முகம் நிறையச் சிரிப்பும். கல்யாண வீட்டில் இருக்கும்போதே முதலாளி போனில் கூப்பிட்டாராம். வருகிறேன் என்று சொல்லிவிட்டானாம்.

"மூக்க பத்திக் கேட்டாரா?" என்றேன்.

"கேட்டாரு. வந்துருச்சுன்னுட்டேன். புட்டியத் தெறந்து ஒருக்கா பாத்துட்டா எனக்கே தைரியமாயிரும், கெளம்பிருவேன்." பையைக் கீழே வைத்தான். "தழையப் போட்டாச்சுல்ல மச்சான்?"

"மாப்ள, அந்த மரிக்கொழுந்து..." என்று ஆரம்பித்தேன்.

"எல்லாம் போட்டாச்சு. வந்ததும் வராததுமா கேள்வி. கையக் கழுவிட்டுச் சோத்தத் தின்னுடா," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

அவன் மாடிக்குப் போனதும் அவளிடம் போனேன். எதற்காகப் பொய் சொன்னாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்:

"கெளம்புற நேரத்துல மனசு ஒடிய வேணாம்னு பாத்தேன். அவனுக்கு மூக்கு வந்துருச்சுன்னா அவனே சொல்லப்போறான், 'எங்கேக்கா மரிக்கொழுந்து'ன்னு. அப்பச் சிரிச்சுக்குவோம்."

நானும் அவனிடம் உண்மையைச் சொல்லப் போகவில்லை. அவள் வாயிலிருந்து அது வந்த நிமிடத்திலிருந்து எங்கள் இருவருக்கும் அது ஒரு சோதனையாகிவிட்டது. அவன் அறியாமல் அவனுக்கு வைத்த சோதனை. அவன் மோந்து பார்த்து, ஏதோ குறைகிறதே என்று முகத்தைச் சுளித்தால் போதும். அந்தச் சுளிப்புக்காக மாதா திருநாள் முழுவதும் அவள் வேண்டிக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும். நவநாள் பூசைகளில் அவள் அருகில் முழந்தாளிட்டபோதெல்லாம், பீடத்துப் பூக்களுக்கு நடுவிலிருந்து மரிக்கொழுந்து வாசனை எங்கள் வரிசைவரை வந்துகொண்டிருந்தது.

இடையில் பீரைப் பிளாஸ்டிக் சோடாப் புட்டிகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் துளி சர்க்கரை போட்டு மூடினோம். தினமும் புட்டியை அமுக்கிப் பார்ப்பான். கல்லுப்போல இறுகியதும் குளிரவைத்தான். திருநாள் முடிந்து அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் மூன்று கண்ணாடி டம்ளர்களை வைத்தான்.

மூடியைத் திருகியதும் சீறியது. நிறம் நன்றாகவே இருந்தது, தேன் கலந்த தேநீர்போல. நுரை எழுந்து, கொஞ்சம் நின்று, அடங்கியது. டம்ளரை எடுத்துச் சுழற்றினான். கண்ணை மூடினான். மூக்கை உள்ளே விட்டு இழுத்தான். அவன் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் அவன் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொய்யா முன்னாடி வருது," என்றான். இன்னொரு முறை இழுத்தான். "பின்னாடி நாரத்த." பிறகு ஒரு வாய் குடித்து, துப்பாமல் விழுங்கி, கண்ணைத் திறந்தான். முகம் மலர்ந்திருந்தது. "கடைசியில பாருங்க மச்சான், மரிக்கொழுந்து! அப்படியே ஏறுது. நான் சொல்லல? ஹாப்ஸே தோத்துரும்."

நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"என்ன? நல்லா இல்லையா?" என்று எங்களை மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, நீ மோந்து பாரு."

"தம்பி," என்றாள் அவள். "அதுல மரிக்கொழுந்து இல்லடா."

"என்னக்கா சொல்ற?"

"மாதாவுக்குப் போயிருச்சு. கொடியேத்தத்தன்னைக்கு. நாந்தான் தெரியாம எடுத்துட்டேன். அவுக எலைய மட்டுந்தான் போட்டாக."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். டம்ளரைத் திரும்ப எடுத்து முகர்ந்தான். நீண்ட நேரம், நாய் முகர்வதுபோல விட்டு விட்டு. அப்புறம் அதை மேசையில் வைத்து, எட்டத் தள்ளினான்.

"நெசமா வந்துச்சு மச்சான்," என்றான். குரல் இறங்கியிருந்தது. "பொய் சொல்லல. மரிக்கொழுந்து அப்படியே வந்துச்சு."

அவன் பொய் சொல்லவில்லை என்பதை நான் நம்பினேன். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததையெல்லாம் அவன் மூக்கு அவனுக்குக் கொடுத்துவிட்டது. நான் எலுமிச்சை என்றதும் எலுமிச்சை, நான் பழம் என்றதும் பழம். பஸ்ஸில் எல்லோர் கையும் மேலே போனதும் அவனுக்கும் தோல் ஷாப் நாற்றம் வந்திருக்கும். கிராம்பு முகர்ந்தபோதும் டப்பாவில் கிராம்பு என்று தெரிந்துதானே முகர்ந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து டம்ளரை என் பக்கம் நகர்த்தினான். "நீங்க சொல்லுங்க. உள்ளதச் சொல்லுங்க."

முகர்ந்தேன். "நாரத்த இருக்கு. கொய்யா லேசா."

"வேற?"

இன்னொரு முறை முகர்ந்தேன். "ஈரச் சாக்கு மாதிரி ஒண்ணு. முன்னாடி நிக்கிறதே அதுதான்."

"ம்ம். சூட்டுல புளிச்சா அப்படித்தான் ஆகும். பேக்கரி ஈஸ்ட் வேற." தலையைக் குனிந்துகொண்டான். "அதுகூடத் தெரியல பாத்தீங்களா. பெங்களூர்ல இத ஊத்திக் குடுத்துருப்பேன்."

அக்கா அவன் தோளைத் தொட்டாள். அவன் தட்டிவிடவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. எழுந்து வாசல் பக்கம் போய் முதலாளியைக் கூப்பிட்டான். நாங்கள் கேட்கக்கூடாது என்று அவன் நினைத்ததாகத் தெரியவில்லை. சாதாரணக் குரலில்தான் பேசினான்.

"சார், வரலங்க சார். இல்ல, வேற எடமெல்லாம் கெடைக்கல. மூக்கு வரல. அன்னைக்கு வந்துருச்சுன்னு சொன்னேன், அப்படித்தான் நெனச்சேன்... இல்ல சார், கொஞ்சம்கூட இல்ல. நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க."

மறுபக்கம் ஏதோ சொன்னார். "சரிங்க சார்" என்றான், இரண்டு தடவை. உள்ளே வந்து, "வந்தா சொல்லச் சொன்னாரு" என்றுவிட்டு மாடிக்குப் போனான். அவர் வேறு ஆளை அமர்த்திவிட்டார் என்று புரட்டாசி பிறந்ததும் தெரியவந்தது.

மிச்சப் புட்டிகளை நான்தான் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றினேன். எதிர்வீட்டு அம்மா மதில் மேலிருந்து, "இன்னுமா அந்தக் கூழு முடியல?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். அவன் முகர்ந்து பழகும் டப்பாக்கள் நான்கையும் மனைவி துடைத்து, மூடியில் ஒட்டியிருந்த பெயர்களைக் கிழித்துவிட்டு, எது எதில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதபடி மாற்றி வைத்தாள். காலையில் அவனைக் கண்ணை மூடச் சொல்லி, ஒன்றைத் திறந்து அவன் கையில் கொடுப்பாள். அவன் முகர்ந்து, "தெரியலக்கா" என்பான். "சரி" என்று வாங்கி வைத்துவிடுவாள். அவ்வளவுதான் பேச்சு.

ஐப்பசியில் ஒருநாள் நானும் அவனும் மறுபடி அந்த டவுன் பஸ்ஸில் வந்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. அந்தச் சாலையில் திரும்பியதும் முன்சீட்டுப் பெண் முந்தானையை இழுத்து மூக்கை மூடினாள். நடத்துநர் டிக்கெட் கட்டையே மூக்கில் வைத்துக்கொண்டார். என் கையும் போனது. அவன் மட்டும் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலே கேட்டான், "வருதா மச்சான்?"

"வருது மாப்ள," என்றேன்.